கிரிட்டாவில் வரைவதும் படத்தை வெளியே எடுப்பதும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். கணினியில் வரையத் தொடங்குகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் தூரிகைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த மென்பொருளில் நீர்வண்ணம் நன்றாகக் கசியும், எதில் பென்சில் கோடு இயல்பாக இருக்கும் என்பவையே அவர்களுடைய கேள்விகள். பல ஆண்டுகளாகக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தியதில் எனக்குத் தோன்றுவது வேறு. இன்று நல்ல தூரிகை இல்லாத ஓவிய மென்பொருளே இல்லை. வரையும் படம் அச்சகத்துக்குப் போகுமா, கைப்பேசித் திரைக்குப் போகுமா, எந்தக் கோப்பு வடிவில் போகும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால், பிற்பாடு வரும் தலைவலிகளில் பாதி வராமலே போகும்.

மற்றவற்றை ஏன் விட்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோஷாப் 2013 முதல் சந்தா முறைக்கு மாறிவிட்டது. மாதம் தவறாமல் வருமானம் வராத ஓவியருக்கு அது ஒத்துவராது. புரோகிரியேட்டுக்கு ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும், ஆனால் ஆப்பிள் கருவி இல்லாமல் அதைத் தொடவே முடியாது. கிம்ப் புகைப்படம் திருத்துவதற்கு ஏற்றது. அதில் வரையலாம், வரையும் சுகம் குறைவு. கிரிட்டா, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் கேடிஈ சமூகத்தின் படைப்பு. அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பதும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலைக்குக் கிடைப்பதும் ஒரே மென்பொருள்தான்; அங்கே கட்டும் பணம் அதன் வளர்ச்சிக்குப் போகிறது என்பதால், வசதி உள்ளவர்கள் விலை கொடுத்தே வாங்கலாம்.

வரையும்போது கை அதிகம் தேடுவது, வலது சொடுக்கில் விரியும் வட்டத் தட்டு. பிடித்த தூரிகைகளும் அண்மையில் எடுத்த நிறங்களும் பேனா முனைக்கு அருகிலேயே வந்து நிற்பதால், திரையின் ஓரத்துக்குக் கையைக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதன் குறை, பெரிய தூரிகைகளில் தெரிகிறது. நிறத்தைக் குழைக்கும் வகைத் தூரிகையை மிகப் பெரிய அளவில் இழுத்தால், கோடு கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. நினைவகக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது: ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) திறந்தால் 2480×3508 புள்ளிகள், முழுவதும் நிறம் நிரம்பிய ஒரு லேயர், அதாவது படத்தின் ஓர் அடுக்கு, 8 பிட் நிற ஆழத்தில் ஏறக்குறைய 35 எம்பி, 16 பிட்டில் 70 எம்பி. எட்டு ஜிபி நினைவகம் உள்ள கணினியில் 16 பிட்டில் லேயர்களை அடுக்கிக்கொண்டே போவதில் பொருளில்லை. நான் வானம், தண்ணீர் போன்ற மென்மையான நிறமாற்றங்கள் உள்ள பக்கங்களுக்கு மட்டும் 16 பிட்டைப் பயன்படுத்துகிறேன்.

இனி, படத்தை வெளியே எடுப்பது. கிரிட்டாவின் சொந்தக் கோப்பான கேஆர்ஏ, உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். பெயரின் இறுதியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே எல்லா லேயரும் சேர்ந்த முழுப்படம் ஒரு பிஎன்ஜியாக இருப்பதைப் பார்க்கலாம். கிரிட்டா இல்லாத கணினியில் அவசரத்துக்கு இது கைகொடுக்கிறது. பிஎன்ஜியோ ஜேபெக்கோ வேண்டும்போது, ‘வேறாகச் சேமி’ என்பதைத் தவிர்த்து ‘ஏற்றுமதி’ என்பதையே பயன்படுத்துவது என் வழக்கம். முன்னதைச் செய்தால், திறந்திருக்கும் ஆவணமே அந்தத் தட்டையான கோப்பாக மாறிவிடுகிறது. அடுத்த முறை சேமிக்கும்போது லேயர்கள் கேஆர்ஏவுக்குள் போவதில்லை.

பிஎன்ஜி ஏற்றுமதிச் சாளரத்தில் வரும் சுருக்க அளவைப் பலர் தரம் என்று எண்ணிக் குறைக்கத் தயங்குகிறார்கள். பிஎன்ஜியில் எவ்வளவு சுருக்கினாலும் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. சேமிக்கும் நேரமும் கோப்பின் அளவும்தான் மாறுகின்றன. ஜேபெக் அப்படியல்ல. அது படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது; அதோடு, வெளிச்சத் தகவலைவிட நிறத் தகவலைக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. புகைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. பச்சைப் பாவாடையில் சிவப்புக் கரை போட்ட ஒரு சிறுமியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கரையின் விளிம்பில் அழுக்குப் படிந்ததுபோல் ஒரு மங்கல் ஓடும். தரத்தை 90க்கு மேல் வைத்தும் அந்த மங்கல் போகாவிட்டால், அதே சாளரத்தில் நிறத் தகவலைக் குறைக்கும் முறைக்கான தெரிவுகளில் சிறந்த தரம் என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணிக்கும் இடமில்லை. வெறுமையான பகுதியை எந்த நிறத்தால் நிரப்புவது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

அச்சுக்குப் போகும் படங்களில்தான் கிரிட்டாவின் அருமை தெரிகிறது. ஆஃப்செட் அச்சு நான்கு மைகளில் ஓடுவது. திரையில் மின்னும் கிளிப்பச்சையும் அடர்நீலமும் அந்த மைகளின் எல்லைக்குள் அடங்குவதில்லை. அச்சகத்திடம் அவர்களுடைய ஐசிசி நிறக்கோப்பை, அதாவது அவர்களுடைய அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்பதை விவரிக்கும் கோப்பைக் கேட்டு வாங்கிக் கிரிட்டாவில் ஏற்றிவிட்டு, கண்ட்ரோலுடன் ஒய் விசையை அழுத்தினால், அச்சில் நிறம் எப்படி இறங்கும் என்பது ஏறத்தாழத் திரையிலேயே தெரிந்துவிடும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால், மைக்கு எட்டாத நிறங்கள் தனியாகக் குறித்துக் காட்டப்படும். திரை ஓரளவாவது அளவீடு செய்யப்பட்டதாக இருந்தால்தான் இதற்குப் பயன் உண்டு.

கறுப்புக் கோட்டுக்குத் தனிக் கவனம் தேவை. திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் வரைந்த கறுப்பு, அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாறும்போது பொதுவாக நான்கு மைகளின் கலவையாகிவிடுகிறது. ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகள் மயிரிழை விலகினாலும் கோட்டின் இருபுறமும் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். அதனால் கோட்டு லேயரை மட்டும் தனியே கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை) டிஃப் கோப்பாகவும், நிறங்களைச் சிஎம்ஒய்கே டிஃப்பாகவும் எடுத்துக் கொடுக்கிறேன். பக்க வடிவமைப்பாளர் கோட்டைக் கறுப்புத் தகட்டில் மட்டும் ஏறும்படி வைத்துக்கொள்கிறார். பிஎன்ஜிக்குள் சிஎம்ஒய்கே இருக்க முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சிஎம்ஒய்கேயில் வரைந்து பிஎன்ஜியாக அனுப்பினால், போய்ச் சேருவது ஆர்ஜிபிதான். ஃபோட்டோஷாப்பின் கோப்பு வடிவான பிஎஸ்டியாகவும் எடுக்கலாம். லேயர்கள் பெரும்பாலும் அப்படியே போய்ச் சேருகின்றன, ஆனால் கிரிட்டாவுக்கே உரிய வடிகட்டி லேயர்கள் (கீழுள்ள படத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் மாற்றிக் காட்டுபவை) அதில் தங்குவதில்லை. அவற்றை முன்கூட்டியே படத்தோடு இணைத்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்துகளுக்கு நான் கிரிட்டாவை நம்புவதில்லை. 2023இல் வந்த 5.2 பதிப்பில் எழுத்தை அமைக்கும் முறை புதிதாக எழுதப்பட்ட பிறகு நிலைமை தேறியிருக்கிறது என்றாலும், அட்டைப்படத் தலைப்பை வளைத்து, இடைவெளி சீராக்கி, கொம்பும் காலும் சரியாக நிற்கும்படி அமைக்க, கோட்டு வடிவங்களை வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்தான் வசதி. படத்தை மட்டும் கிரிட்டாவிலிருந்து எடுத்து, தலைப்பை இங்க்ஸ்கேப்பில் அமைத்து, எழுத்துகளைப் பாதைகளாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிய ஒரு பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டால், அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறதா என்று யாரும் தேட வேண்டியதில்லை.