ஆட்ஸ் வடிவங்கள்: பல வருடப் பழக்கத்தில் எது கைகொடுத்தது, எது படுத்தியது

ஆட்ஸ் என்பது பந்தயத்தில் ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் எண். ஒரே அணிக்கு ஒரு பந்தயத் தளத்தில் 2.50 என்று இருக்கும், அடுத்ததில் 6/4, இன்னொன்றில் +150. மூன்றும் ஒன்றுதான். நூறு போட்டு ஜெயித்தால் லாபம் 150, போட்டதையும் சேர்த்துக் கைக்கு வருவது 250. பல வருடங்களாக இந்த எண்களைப் படித்து, மாற்றி, ஒப்பிட்டு வருகிறேன். எனக்கு எப்போதும் வேண்டியது அவற்றுக்குள் இருக்கும் சதவீதம், அதாவது ஜெயிக்கும் வாய்ப்பு. எந்த வடிவம் அதைச் சீக்கிரம் காட்டுகிறதோ அதற்குத்தான் என் ஓட்டு.

அந்த வகையில் 2.50 போன்ற டெசிமல்தான் முதலிடம். 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிகழ்தகவு வந்துவிடும்: 2.50 என்றால் 40 சதவீதம். மூன்று ஆட்டங்களைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டினாலும் நேராகப் பெருக்கினால் போதும்: 2.50, 1.80, 1.60 சேர்ந்தால் 7.20. ஒரே குறை, போட்ட பணமும் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருப்பதால் லாபம் பெரிதாகத் தெரியும். 1.20 என்பது நூறுக்கு வெறும் இருபதுதான். ஹாங்காங் வகையில் அந்த ஒன்றைக் கழித்து 0.20 என்றே போடுகிறார்கள். அது நேர்மையான எண் என்பது என் கருத்து.

பின்ன வகை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குதிரைப் பந்தயத்தோடு வளர்ந்தது. மேலே லாபம், கீழே போட வேண்டிய தொகை. 3/2 என்று சுருக்காமல் 6/4 என்றே எழுதுவது அங்கே மரபு. 11/8, 6/4, 13/8, 7/4, 15/8, 2/1 என்ற வரிசை பார்த்தவுடன் தலை சுற்ற வைக்கும். ஆனால் எல்லாவற்றையும் எட்டின் கீழ் கொண்டுவந்தால் 11, 12, 13, 14, 15, 16 என்று வரிசையாக ஏறும் படிகள்தான். இது பிடிபட்ட பிறகு எனக்குப் பின்னங்கள் பயமுறுத்தவில்லை. சதவீதத்துக்கும் எளிய வழி உண்டு: கீழ் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 11/8 என்றால் 8/19, அதாவது சுமார் 42.1 சதவீதம். பெரிய எண்களுக்கும் இது பொருத்தம். 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் பட்டம் வெல்ல 5000/1 கொடுத்தார்கள். அதை +500000 என்று எழுதிப் பாருங்கள், கண்ணுக்கே பிடிக்காது.

அமெரிக்க வகையில் ப்ளஸ் என்றால் நூறு போட்டால் வரும் லாபம், மைனஸ் என்றால் நூறு லாபம் பார்க்கப் போட வேண்டிய தொகை. -200 என்பது 200/300, அதாவது 66.7 சதவீதம், டெசிமலில் 1.50. இங்கே கவனிக்க வேண்டியது படிகளின் அளவு. -110 இலிருந்து -120 போனால் 52.4 சதவீதம் 54.5 ஆகிறது. +900 இலிருந்து +1000 போனால் 10 சதவீதம் 9.1 ஆவதோடு சரி. -110 பக்கம் பத்துப் புள்ளி நகர்வு இரண்டு சதவீதத்துக்கு மேல், +900 பக்கம் நூறு புள்ளி நகர்வு ஒன்றுகூட இல்லை. எண்ணின் நகர்வை மட்டும் பார்த்து விலை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

அப்புறம் மலாய், இந்தோனேசிய வகைகள். இந்த இரண்டும்தான் என்னை அதிகம் படுத்தியவை. இந்தோனேசியம் அமெரிக்க எண்ணை நூறால் வகுத்தது, அவ்வளவே: -1.25 என்றால் டெசிமலில் 1.80, வெல்ல அதிக வாய்ப்புள்ள அணி. மலாயில் மைனஸ் அப்படியே எதிர்: -0.80 என்றால் 0.80 போட்டு 1 லாபம், டெசிமலில் 2.25, வாய்ப்பு குறைந்த அணி. நான் வைத்திருக்கும் அடையாளம் இது: மைனஸுக்குப் பின் ஒன்றுக்குக் குறைவான எண் வந்தால் மலாய், ஒன்றுக்கு மேல் வந்தால் இந்தோனேசியம்.

மாற்றித் தரும் கால்குலேட்டர்கள் நிறைய இருக்கின்றன, எல்லாம் சரியாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் ஸ்பிரெட்ஷீட்தான் எனக்கு வசதி. அதில் 11/8 என்று அப்படியே தட்டினால் தேதியாக மாறிவிடும், அதனால் =11/8+1 என்று போட வேண்டும். விடை 2.375. தளங்கள் இதை 2.38 அல்லது 2.37 என்று காட்டும். அந்தத் தோராய எண்ணிலிருந்து பின்னத்துக்குத் திரும்பினால் 11/8 வராது.

நான் ஸ்பிரெட்ஷீட்டை விடாமல் வைத்திருப்பதற்குப் பெரிய காரணம் கூட்டுத்தொகை. கால்பந்து ஆட்டம் ஒன்றில் முதல் அணிக்கு வெற்றி 2.60, சமன் 3.30, தோல்வி 2.80 என்று வைத்துக்கொள்வோம். சதவீதங்கள் 38.5, 30.3, 35.7. கூட்டினால் நூறு வராது, கிட்டத்தட்ட 104.5 வரும். நூறுக்கு மேலே நிற்பது பந்தயம் நடத்துபவரின் பங்கு. எந்த வடிவத்தில் எழுதினாலும் அது உள்ளேயே இருக்கும், இரண்டு பக்கமும் -110 என்றால் 104.8. ஒவ்வொரு சதவீதத்தையும் கூட்டுத்தொகையால் வகுத்துப் பங்கை நீக்கினால் முதல் அணிக்கு 36.8 சதவீதம்தான். பங்கை விகிதப்படி பிரித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. வாய்ப்பு மிகக் குறைந்த பக்கத்தில் பல நேரம் அதிகமாகவே ஏற்றி வைத்திருப்பார்கள், அதனால் 50, 100 போன்ற டெசிமல்களில் இந்த விடையை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.