பொம்மை இல்லை என்றவளின் பொம்மை

டோக்கியோவின் நாக்கானோ பிராட்வே வணிக வளாகத்தில் பழைய பொம்மைகள் விற்கும் ஒரு கடையில், எவாஞ்சலியன் என்ற ஜப்பானிய அனிமே தொடரில் வரும் ரெய் அயனாமி என்ற பெண்ணின் இந்தப் பொம்மையைப் போன மாதம் வாங்கினேன். 2,800 யென். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது. கை கால் மூட்டுகள் அசையும் வகை, ஒரு சாண் உயரம்கூட இல்லை. வெள்ளை பிளக்சூட் (தொடரில் ராட்சத எவா எந்திரத்தை ஓட்டுபவர்கள் போடும், உடம்போடு ஒட்டிய உடை), மாற்றிப் போட நாலு ஜோடி கைகள், ஒரு கத்தி, இரண்டு முகங்கள்.

என் புகார் எல்லாம் அந்த முகங்களைப் பற்றித்தான்.

முதல் முகம் வெறித்த பார்வை. உணர்ச்சியே இல்லாத பெண், சொன்னதைச் செய்யும் இயந்திரம் என்று ரசிகர்கள் பலர் மனதில் வைத்திருக்கும் ரெய் இதுதான். கல்லூரியில் நண்பனின் ஹார்ட் டிஸ்கிலிருந்து எவாஞ்சலியனை முதன்முதலில் பார்த்தபோது நானும் அவளை மரக்கட்டை என்றுதான் நினைத்தேன். மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. 5ஆம் அத்தியாயத்திலேயே, தன் அப்பாவான கமாண்டர் கெண்டோவை நம்ப முடியாது என்று சொன்ன சக பைலட் ஷின்ஜியைப் பளாரென்று அறைகிறாள். உணர்ச்சி இல்லாதவளா அடிப்பாள்? 22இல், லிஃப்டுக்குள் இன்னொரு பைலட்டான அசுகா அவளைப் பொம்மை என்கிறாள். "நான் பொம்மை இல்லை" என்று உடனே பதில் வருகிறது. கமாண்டர் சாகச் சொன்னால் சாவாயா என்று கேட்டால், அதற்கும் தயங்காமல் ஆமாம் என்கிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவளை ஒரே முகத்தில் எப்படிச் செதுக்குவது? சரி, அது சிற்பியின் கஷ்டம்.

ஆனால் அந்த ஆமாமை வைத்துக்கொண்டு அவள் கெண்டோவின் அடிமை என்று முடிவுகட்டுபவர்கள் 1997இல் வந்த 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' படத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்கவில்லை என்றே நினைப்பேன். அவர் இத்தனை வருடம் காத்திருந்த அந்த நேரத்தில்தான் அவரை உதறிவிட்டு ஷின்ஜியிடம் போகிறாள். அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டு ஜோடி சேர்ப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவள் உடம்பு ஷின்ஜியின் அம்மா யூயியிடமிருந்து உருவானது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துவேன். 15இல் அவள் துணி பிழிவதைப் பார்த்து, அம்மா மாதிரி இருக்கிறது என்று அவனே சொல்கிறான். அவள் முகம் சிவக்கிறது. இயக்குநர் ஹிதேயாகி அன்னோ வேண்டுமென்றேதான் நம்மை நெளிய வைக்கிறார்.

அசுகாவுக்கு ரெய்யைக் கண்டாலே ஆகாது என்பதும் பாதி உண்மைதான். 12இல் அவர்களுடைய மேலதிகாரி மிசாட்டோ விருந்து வைப்பதாகச் சொல்ல, ரெய்க்கு இறைச்சி பிடிக்காது என்று ராமன் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கடையைத் தேர்ந்தெடுப்பது அசுகா. அங்கே ரெய் பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொல்லிப் பூண்டு ராமன் கேட்பாள். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த இடம் அது.

அப்புறம் இரண்டாவது முகம். சிரிப்பு முகம் என்று பெட்டியில் படம் போட்டிருந்ததால்தான் வாங்கவே செய்தேன். 6ஆம் அத்தியாயத்தில், சூடான கதவைக் கையால் திறந்து வந்து அழும் ஷின்ஜியிடம், இந்த மாதிரி நேரத்தில் எப்படி முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை என்பாள். சிரித்தால் போதும் என்பான். அப்போது வரும் சிரிப்பு உதட்டோரத்தில் மட்டும் இருக்கும். இங்கே பல்லெல்லாம் தெரிகிறது. டூத்பேஸ்ட் விளம்பரம்!

மற்றபடி குறை அதிகமில்லை. சூட்டின் முத்து வெள்ளை வண்ணம் அருமை. இடுப்பு மூட்டு கொஞ்சம் தளர்வு. முகம் மாற்ற முன்முடியைப் பிடுங்க வேண்டும், பார்த்துச் செய்யாவிட்டால் ஒடிந்துவிடும்.

இப்போது வெறித்த முகத்தைத்தான் மாட்டி வைத்திருக்கிறேன். தலையைச் சற்றுக் குனிய வைத்து, மேசை விளக்கை இடப்பக்கம் நகர்த்தினால் வாயோரம் ஒரு சின்ன நிழல் விழுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்பது மாதிரியே இருக்கிறது.