சார்ஜ் கூலர் மாட்டப் போகிறீர்களா? பம்பரை மூடுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள்

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் டர்போ கார் வைத்து ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் பெட்டிதான் சார்ஜ் கூலர்; அதை மாட்டப் போய் எனக்கு 85,000 ரூபாய் போய்விட்டது. இன்ஜினும் போயிருக்கும், ஏதோ நல்ல நேரம்.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவை காரைக் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோவேன். முதல் இரண்டு சுற்று நன்றாக ஓடும்; அப்புறம் இழுவை குறைந்துவிடும். டர்போ அழுத்தி அனுப்புகிற காற்று சூடாகத்தான் வரும். கம்பெனி இன்டர்கூலரால் அதைத் தணிக்க முடியாவிட்டால், நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இன்ஜினில் தட்டுகிற சத்தம்) வந்துவிடாமல் இருக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும், பவர் போகும். ஓபிடியில் (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் போர்ட்) பார்த்தால் இன்டேக் காற்று, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்று, 74 டிகிரி.

மதுரையில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். "அண்ணே, நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணியில கூல் பண்றதுதான் சரி. தனி பம்ப், முன்னாடி தனி ரேடியேட்டர், எல்லாம் போட்டுத் தர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினார் ஓனர். முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டால், "வேலை முடியட்டும்ணே."

பத்து நாளில் வண்டி வந்தது. பானெட்டைத் திறந்தால் அலுமினியப் பெட்டி, நீல சிலிக்கான் ஹோஸ், அவ்வளவு நேர்த்தி. மேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. கரியில் மூன்றாவது சுற்றிலேயே 98 டிகிரி! நாக்கிங் சத்தம் கேட்டதும் உள்ளே வந்து நிறுத்திவிட்டேன்.

மறுநாள் வீட்டில், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஐடிலில் விட்டேன். சார்ஜ் கூலரில் கை வைக்க முடியவில்லை. ஐடிலில் பூஸ்ட்டே (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடையாது, சூடு எங்கிருந்து வரும்? தெப்பக்குளம் பக்கம் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் பம்பரைக் கழற்றச் சொன்னேன். ரேடியேட்டரும் இல்லை, பம்பும் இல்லை. நீல ஹோஸ் இரண்டும் இன்ஜினுக்குப் பின்னால் போய் இன்ஜின் கூலன்ட் ஓடும் ஹீட்டர் லைனில் சேர்ந்திருந்தன.

இன்ஜின் கூலன்ட் 90 டிகிரி வாக்கில் ஓடுவது. அதை வைத்துக் காற்றை எப்படி அதற்குக் கீழே இறக்க முடியும்? சார்ஜ் கூலர் தண்ணீர் தனிச் சுற்றாக ஓட வேண்டும். அதற்கென்று பம்ப், முன்பக்கம் காற்று படும் இடத்தில் ரேடியேட்டர், காற்றுக்குமிழ் வெளியேற உயரத்தில் ஒரு டேங்க். இதில் எதுவுமே என் வண்டியில் இல்லை. பட்டறையில் கேட்டதற்கு "இதுவும் ஒரு மெத்தட்தாண்ணே" என்றார். அதன் பிறகு போனே எடுப்பதில்லை.

பம்பர் மாட்டுவதற்கு முன் போய் ரேடியேட்டரைக் கண்ணால் பாருங்கள். பம்ப் ஓடும்போது இரைச்சல் கேட்க வேண்டும். ஆறிய வண்டியில் டேங்க் மூடியைத் திறந்தால் தண்ணீர் ஓடுவது தெரிய வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் இன்டேக் வெப்பத்தைப் பதிவு செய்யுங்கள். பில் இல்லாமல் முழுப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஜிபே ரசீதும் அந்த வாய்ஸ் மெசேஜும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

சமீபத்தில் யாராவது இப்படி மாட்டியிருந்தால், அந்த ஹோஸ் எங்கே போய்ச் சேர்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ட்ராக்குக்குப் போகிற வரை காத்திருக்காதீர்கள்.