கத்திப்பாரா மாதிரியா, வடபழனி மாதிரியா?

எங்கள் பகுதி நெடுஞ்சாலைச் சந்திப்பை மாற்றிக் கட்டச் சொல்லி குடியிருப்போர் நலச்சங்கத்தில் மனு எழுதினோம். எப்படிக் கட்டச் சொல்வது என்பதில்தான் இரண்டு கட்சி. பாதிப் பேர் சென்னை கத்திப்பாரா போல நாலு இலை மேம்பாலம், அதாவது நாலு மூலையிலும் இலை மாதிரி வளையும் பாதை (லூப்) உள்ள பாலம் வேண்டும் என்றார்கள். நான் வடபழனி போல, நேராகப் போகிறவர்களுக்கு மேலே பாலம், திரும்புகிறவர்களுக்குக் கீழே சிக்னல் என்பதற்குக் கை தூக்கினேன்.

கத்திப்பாராவை நான் குறைத்துப் பேசவில்லை. ஜிஎஸ்டி சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் வந்து சேரும் இடம் அது. 2008இல் திறந்தபோது, சிக்னலில் நிற்காமல் போக முடிந்ததே பெரிய நிம்மதி. நிலம் நிறைய வேண்டும், செலவும் அதிகம். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என் கவலை வேறு. நாலு இலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் சந்திப்பைத் தாண்டிப் போய், இடப்பக்க லூப்பில் முக்கால் வட்டம் சுற்றி மற்றச் சாலையில் சேர வேண்டும். ஒரு லூப் வந்து சேரும் இடத்துக்கும் அடுத்த லூப் பிரியும் இடத்துக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். அதற்குள் சேருகிறவர் வலப்பக்கம் ஏற வேண்டும், பிரிகிறவர் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒருவர் பாதையை இன்னொருவர் வெட்டாமல் முடியாது. அதுவும் வளைவில் சுற்றி வருகிறவர் முப்பதில் வருவார், நேரே வரும் பஸ் அறுபதில் வரும்.

ஸ்கூட்டரில் லூப்பை விட்டு வெளியே வரும்போது தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்க்க வேண்டும். அந்த நொடியில் முன்னால் போகும் ஷேர் ஆட்டோ பிரேக் அடித்தால் தெரியாது. மழை நாளில் கண்ணாடியில் வெறும் வெளிச்சம்தான் தெரியும், வண்டி எவ்வளவு கிட்டே வருகிறது என்பது பிடிபடாது. ஒருமுறை தண்ணி லாரி ஒன்று ஹேண்டில்பாரை உரசாத குறையாக இடப்பக்கம் வெட்டிப் போனது. பின்னால் இருந்த மகள் பிடித்த சட்டையை வீடு வரும்வரை விடவில்லை.

அமெரிக்காவின் முதல் நாலு இலைச் சந்திப்பு 1929இல் நியூ ஜெர்சியின் உட்பிரிட்ஜில் வந்தது. பிற்பாடு அதையே எடுத்துவிட்டு சிக்னல் வைத்த சந்திப்பாக மாற்றினார்கள். அந்த நாட்டில் பழைய நாலு இலைகளைத் திருத்தும்போது இரண்டு லூப்பை எடுத்துவிட்டு அங்கே சிக்னல் வைப்பது உண்டு. இல்லாவிட்டால் சேருவதையும் பிரிவதையும் தனி ஓரச் சாலைக்குத் தள்ளிவிடுவார்கள். எங்களிடம் அந்த ஓரச் சாலைக்கு இடம் இருந்திருந்தால் நானும் நாலு இலைக்கே சம்மதித்திருப்பேன்.

வடபழனியில் நூறடி சாலையில் நேரே போகிறவர் பாலத்தில் ஏறிவிடுகிறார். கீழே ஆற்காடு சாலை சிக்னலில் காத்திருக்க வேண்டும், எரிச்சல்தான். ஆனால் வலப்பக்கம் திரும்ப எனக்கென்று ஒரு பச்சை விழுகிறது, யாரையும் வெட்ட வேண்டாம். நடந்து போகிறவருக்கும் அதே சிவப்புதான் துணை. முருகன் கோயிலுக்குப் போகும் பாட்டி வண்டிகள் நின்ற பிறகு கடக்கலாம். லூப்பில் வண்டி நிற்கவே நிற்காது, அவர் எப்போது இறங்கி நடப்பது?

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். திரும்பும் வண்டிகள் நேரே போவதைவிட அதிகமாக இருந்தால் கீழே சிக்னல் திணறும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் கணக்கும் வேறாக இருக்கலாம், நான் ஓட்டியதெல்லாம் ஸ்கூட்டர்தான். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) இந்திரா நகர், டைடல் பார்க் யூ வடிவப் பாலங்களையும் சிலர் சொன்னார்கள். நான் போனது நாலைந்து முறை, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

கடைசியில் எங்கள் பக்கம்தான் மனுவில் ஏறியது. அதில் ஒரு வரி நான் சேர்த்தது: பாலம் இறங்கும் இடத்திலேயே பஸ் ஸ்டாப் வைக்கக் கூடாது. வைத்தால், இறங்கி வரும் கார் வேகமாக வரும், பஸ் இடப்பக்கம் ஒதுங்கும், மறுபடியும் அதே வெட்டு.