பூட்டிய கடையின் கணக்கைச் சபையிடம் கேட்பது: வன்னியில் தகவல் உரிமைச் சட்டம் எவ்வளவு தூரம் உதவுகிறது

இலங்கையின் வன்னியில் எந்தச் சந்தைக் கட்டடத்துக்குப் போனாலும் ஷட்டர் இறக்கிய கடை நாலைந்து கண்ணில் படும். பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால், "அது ஆரோ எடுத்து வைச்சிருக்கினம், திறக்கிறேல்லை" என்பார். உள்ளூராட்சிச் சபையில் கேட்டால், "எல்லாக் கடையும் குடுத்தாச்சு" என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் உண்மை. இடையில் நடப்பதை அறிய எவரும் பாவிக்கக்கூடிய சட்டபூர்வமான வழி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை எல்லாம் இதற்குள் அடங்கும். வெறுங்கடை விடயத்தில் இது எங்கே வேலை செய்கிறது, எங்கே இழுத்தடிக்கிறது என்பதுதான் இங்கே.

முதல் விண்ணப்பத்தில் அநேகர் விடும் பிழை ஒன்றுதான். "உங்கள் சபை எல்லைக்குள் பாவனையின்றி இருக்கும் வர்த்தகக் கட்டடங்களின் பட்டியலைத் தரவும்" என்று எழுதுவார்கள். "அவ்வாறான பட்டியல் எம்மால் பேணப்படுவதில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அலுவலர் பொய் சொல்லவில்லை. கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் சபை தர வேண்டும், உங்களுக்காகப் புதிதாக ஒன்றைத் தயாரிக்க வேண்டியதில்லை. 'வெறுங்கடை' என்ற தலைப்பில் எந்தச் சபையும் கொப்பி வைத்திருப்பதில்லை. கடை வெறுமையா இல்லையா என்பது மூன்று நாலு பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஆகவே பதிவேட்டைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சபைக்குச் சொந்தமான கடைத்தொகுதி என்றால் விண்ணப்பம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"இன்ன சந்தைக் கடைத்தொகுதி தொடர்பாக: (1) கடை வாடகைப் பதிவேட்டில் 2022 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரையான பக்கங்கள். (2) ஒவ்வொரு கடை இலக்கத்துக்கும் கடைசியாகச் செய்த குத்தகை உடன்படிக்கை. (3) கடைசியாகச் செய்த விலைமனுக் கோரலின் அறிவித்தலும் விலைமனு திறந்த பதிவும். (4) அதே கடை இலக்கங்களுக்கு 2022 முதல் 2024 வரை வழங்கிய வியாபார அனுமதிப்பத்திரங்களின் பதிவு."

நாலும் வந்த பிறகு கடை இலக்கத்தை வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். 7 ஆம் கடைக்கு மாதா மாதம் வாடகை விழுகிறது, ஆனால் மூன்று வருடமாக அனுமதிப்பத்திரம் இல்லை என்றால், யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். 11 இல் வாடகைப் பற்றுச்சீட்டு ஒருவர் பெயரிலும் அனுமதிப்பத்திரம் இன்னொருவர் பெயரிலும் இருந்தால், அது மேல்வாடகை: எடுத்தவர் இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். 14 க்கு வாடகையும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை, விலைமனுவுக்கு ஒருவரும் வரவில்லை என்றால், அதுதான் உண்மையான வெறுங்கடை. மூன்றும் வெளியில் இருந்து பார்க்க ஒரே துருப்பிடித்த ஷட்டர்தான்.

14 மாதிரிக் கடைகள் ஏன் கிடக்கின்றன என்பதற்கான விடை விலைமனுக் கோவையிலேயே இருக்கும். குறைந்தபட்ச வாடகை பெரும்பாலும் விலைமதிப்புத் திணைக்களத்தின் மதிப்பீட்டை ஒட்டியே வரும். பஸ் நிற்காத மூலையில் இருக்கும் கடைக்கு அந்தத் தொகை கட்டாது. சபை அதற்குக் கீழே இறங்கினால் கணக்காய்வு கேள்வி கேட்கும். எனவே அதே தொகையில் திரும்பவும் அறிவித்தல் போடுவார்கள், திரும்பவும் ஒருவரும் வரமாட்டார்கள். நெல்சிப் எனும் வடக்கு கிழக்கு உள்ளூராட்சிச் சேவை மேம்பாட்டுத் திட்டத்தில் கட்டிய சந்தைக் கட்டடம் என்றால், கட்டுவதற்கு முன் செய்த தேவை மதிப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். யாருக்காக, எத்தனை கடை என்று கணக்குப் போட்டார்கள் என்பது அதில் தெரியும்.

விண்ணப்பம் போட முன்னர் கட்டடம் யாருடையது என்று உறுதிப்படுத்துங்கள். ஊருக்குள் இருப்பதெல்லாம் சபையுடையது என்று நினைத்துத்தான் பாதி விண்ணப்பங்கள் வீணாகின்றன. வவுனியாப் பொருளாதார மத்திய நிலையம் நல்ல உதாரணம். 2016 இல் ஓமந்தையா தாண்டிக்குளமா என்று இழுபறிப்பட்டு, கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டி, திறக்காமல் பல வருடம் கிடந்தது. அதன் கோவை கொழும்பில் அமைச்சு மட்டத்தில் இருக்கும், உள்ளூர்ச் சபையில் கிடைக்காது. அரச காணி அனுமதிப்பத்திரத்தில் நிற்கும் கட்டடம் என்றால் காணிக் கோவை பிரதேச செயலகத்தில்.

தனியார் கடைகள் வேறு கதை. இங்கே கை கொடுப்பது ஆதனவரிப் பதிவேடு. ஆனால் பிரதேச சபைகளில் ஆதனவரி, அபிவிருத்தி செய்யப்பட்ட பிரதேசமாகப் பிரகடனம் செய்த எல்லைக்குள் மட்டும்தான். ஏ9 வீதியோரம் எல்லைக்கு வெளியே நிற்கும் கட்டடத்துக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு பதிவுமே இருக்காது. அதைக் கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால் ஒளிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லைக்குள் இருப்பவற்றுக்கு ஆதன இலக்கம், வீதி, பாவனை வகை, ஆண்டுப் பெறுமதி, நிலுவை ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். உரிமையாளர் பெயரையும் கேட்டால் பிரிவு 5(1) இன் கீழ் தனிப்பட்ட தகவல் என்று முழுதையும் மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். அப்படி மறுத்தாலும் பிரிவு 6 இருக்கிறது: மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து மீதியைத் தரத்தான் வேண்டும். சபையின் சொந்தக் கடையை யார் எடுத்திருக்கிறார் என்பது வேறு. அது பொதுச் சொத்தின் குத்தகை, பிரிவு 5(4) இன் பொதுநலக் காரணத்தைக் காட்டி வாதாடலாம்.

நிலுவையை வைத்து வெறுமையைக் கணிக்க வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர், 10 வீதக் கழிவுக்காக ஜனவரி 31 க்கு முன் முழு வருட வரியையும் கட்டிவிடுவார். தினமும் திறக்கும் கடைக்காரர் நாலு காலாண்டு நிலுவையில் இருப்பார்.

இனி நடைமுறை. ஆர்.டி.ஐ. 01 என்ற விண்ணப்பப் படிவம் கட்டாயமில்லை, சாதாரண கடிதம் போதும். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் அலுவலர், குறித்தளிக்கப்பட்ட அலுவலர் (முதல் மேன்முறையீட்டைப் பார்ப்பவர்) இருவரின் விபரமும் அலுவலகத்தில் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்டிய தாளில் இடமாற்றம் பெற்றுப் போனவரின் பெயரே இருக்கும், ஆகவே பெயர் போடாமல் பதவிக்கு முகவரியிடுங்கள். கையில் கொடுத்தால் கிடைத்ததற்கான எழுத்து அந்த இடத்திலேயே வேண்டும். தபால் என்றால் பதிவுத்தபால்.

நாட்கணக்கில்தான் அதிகம் சறுக்குவார்கள். தகவல் தருவதா இல்லையா என்று முடிவு செய்ய 14 வேலை நாட்கள். போயா, சனி, ஞாயிறு எதுவும் கணக்கில்லை, ஆகவே நாட்காட்டியில் மூன்று கிழமையாகும். ஏப்ரலில் கேட்டால் இன்னும் நீளும். பதில் வராவிட்டால் அதுவும் மறுப்புத்தான். அங்கிருந்து 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்பம்' என்று நல்ல மனதோடு காத்திருந்துதான் அநேகர் இந்தத் தவணையை விடுவார்கள். குறித்தளிக்கப்பட்ட அலுவலர் முடிவு சொல்ல மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஆணைக்குழு 30 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

செலவு பெரிதில்லை. ஆணைக்குழுவின் கட்டண விதிப்படி ஏ4 அளவில் முதல் 4 பக்கம் இலவசம், பிறகு ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபா. மின்னஞ்சலில் வந்தால் கட்டணம் இல்லை. வாடகைப் பதிவேடு ஏ4 இல் அடங்காத பெரிய கொப்பி, அதற்குப் பக்கம் 4 ரூபா. ஆவணங்களைப் போய்ப் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபா.

எங்கள் கணிப்பில் இந்த ஒரு மணி நேரம்தான் முழுச் சட்டத்திலும் பெறுமதியான பகுதி. பிரதி கேட்க முன்னர் பார்வையிடக் கேளுங்கள். பெயர் மாற்றத்தைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு, போட்டோக்கொப்பியில் அது விழாது. பழைய பெயருக்கு மேல் ஒட்டிய துண்டுக் கடதாசியும் அப்படித்தான். நேரில் பார்த்தால் துண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். கைபேசியில் படம் எடுக்க வேண்டும் என்றால் விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரமும் வாக்குவாதத்தில் போய்விடும். உப அலுவலகங்களின் பதிவேடு தலைமை அலுவலகத்தில் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, 2025 மே 6 இல்தான் தேர்தல் நடந்தது. இடையில் செயலாளர்களே நிர்வாகம் செய்தார்கள். அந்தக் காலத்தில் கொடுத்த கடைகளுக்குக் கூட்ட அறிக்கையைக் கேட்டால் ஒன்றும் வராது, செயலாளரின் தீர்மானக் கோவை என்று கேட்க வேண்டும்.

2009 க்கு முந்திய பதிவேடுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பெரும்பாலும் யுத்தத்தோடு போய்விட்டன, அவற்றைத் தேடி மினக்கெட வேண்டாம். மீள்குடியேற்றத்துக்குப் பிந்தியவை வேறு. சட்டம் வரும்போது கையில் இருந்த ஆவணங்களைக் குறைந்தது 10 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று பிரிவு 7 சொல்கிறது, அதாவது 2027 பெப்ரவரி வரை. பிறகு உருவானவற்றுக்கு 12 வருடம். 2010 தொடக்கம் 2016 வரை கடைகளை முதன்முதலாகப் பகிர்ந்து கொடுத்த கோவைகள் வேண்டும் என்றால் அந்தத் திகதிக்கு முன்னரே கேளுங்கள். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால், எந்தத் திகதியில், யாருடைய அனுமதியோடு அழித்தார்கள் என்ற பதிவைக் கேட்டு அடுத்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.