மரு என்று சொல்லிச் சுட்டார்கள், சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை: கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ "தோல், முடி, லேசர்" என்று பலகை மாட்டியிருக்கும் நிலையங்களில் முகத்து மருவையும் மச்சத்தையும் எடுத்துவிட நினைப்பவர்கள், அதிலும் வயதான பெற்றோரை அங்கே அழைத்துச் செல்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். என் அம்மாவின் மூக்கோரத்தில் இருந்த தோல் புற்றுக் கட்டியை, கிருஷ்ணகிரியில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தார் சாதாரண மரு என்று சொல்லிச் சுட்டு எடுத்தார்கள். அது திரும்ப வளர்ந்தபோது மறுபடியும் சுட்டார்கள். எந்த முறையும் ஒரு துணுக்குச் சதைகூடப் பரிசோதனைக்குப் போகவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் தக்காளிக் காட்டிலும் மாந்தோப்பிலும் வெயிலில் வேலை செய்தே காலம் கழித்தவர். இடப்பக்க மூக்கோரத்தில் முதலில் கடுகளவில் இருந்த கருப்புப் புள்ளி, சில ஆண்டுகளில் மிளகளவு ஆகி, ஓரம் சற்றே தூக்கி மினுமினுப்பாகவும் நடுவில் பொருக்குத் தட்டியும் இருந்தது. முகம் கழுவும்போது பொருக்கு உதிர்ந்து இரத்தம் கசியும், பின் காய்ந்துவிடும், சில நாட்களில் மீண்டும் கசியும். வலி இல்லை. பேத்தியின் திருமணம் நெருங்கியதால், "போட்டோவுல அசிங்கமா தெரியும்டா, எடுத்துடலாம்" என்று அவரே சொன்னார்.

நிலையத்தின் பலகையில் எம்.டி. தோல் மருத்துவம் படித்த ஒருவரின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அவர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்துபோகிறவர் என்பதும், அன்று வெள்ளை அங்கியுடன் அம்மாவைப் பார்த்த பெண்மணி அழகுச் சிகிச்சையில் குறுகிய காலச் சான்றிதழ் பெற்றவரே தவிர தோல் மருத்துவர் அல்லர் என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. அவர் கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, கட்டண விவரம் சொல்லும் ஊழியரிடம் எங்களை அனுப்பினார். மரு நீக்கம், பிறகு பூசுவதற்கான களிம்பு, நிறம் கூட்டும் கிரீம் எல்லாம் சேர்ந்த 'பேக்கேஜ்' 9,500 ரூபாய். "அடிக்கடி இரத்தம் கசியுதுங்க மேடம், டெஸ்ட் எதுவும் எடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "மரு எடுக்கறதுக்கெல்லாம் யாருங்க டெஸ்ட் எடுக்கறாங்க? பத்து நிமிஷ வேலைண்ணா" என்று அந்த ஊழியர் சிரித்துக்கொண்டே சொன்னார். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, மின்கருவியால் சுட்டு, கருகியதைப் பஞ்சில் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டார்கள். அந்தப் பஞ்சில்தான் நோயின் முதல் சான்று இருந்தது.

திருமணப் புகைப்படங்களில் அம்மாவின் முகம் நன்றாகவே இருக்கிறது. அதன் பிறகு சில மாதங்களில் தழும்பின் ஓரத்தில் மறுபடியும் கருமை தெரிந்தது. "வேர் கொஞ்சம் விட்டுப்போச்சு" என்று சொல்லி, பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னும் ஆழமாகச் சுட்டார்கள். ஒருமுறை எடுத்த இடத்திலேயே ஒன்று திரும்ப முளைத்தால், அது என்னவென்று கண்டறிவதுதான் அடுத்த வேலை என்பது மருத்துவக் கல்லூரி மாணவருக்குக்கூடத் தெரியும். அங்கே அதைச் செய்யக்கூடிய தகுதியுள்ளவர் ஒருவரும் அன்று இல்லை.

புண் ஆறாமல் நின்றபோது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் சென்றோம். 2022 ஜனவரியில் தமிழகத்தில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. தருமபுரியிலோ 2008 முதலே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் எங்களைப் பார்த்த தோல் மருத்துவர் நல்ல வெளிச்சத்தில் தோலை இழுத்துப் பார்த்தார். டெர்மோஸ்கோப் என்னும் விளக்குடன் கூடிய உருப்பெருக்கியை வைத்து, தழும்பின் ஓரத்தில் நீலச் சாம்பல் நிறத் திட்டுகளும் கிளை விட்ட மெல்லிய இரத்தக் குழாய்களும் தெரிவதை எங்களுக்கும் காட்டினார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். முகம் முழுவதையும் காதுகளையும் கைகளையும் சோதித்தார். பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் ஒரு துணுக்கு எடுத்து, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் நிரப்பிய சின்னக் குப்பியில் பெயர் எழுதி ஒட்டி நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பினார். நிலையத்தில் சுட்டதற்கு ஆன நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவு, நிறமியுள்ள பேசல் செல் கார்சினோமா. உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் தோல் புற்று இதுதான். வெளிறிய தோலுடையவர்களுக்கு இது பெரும்பாலும் முத்துப்போன்ற வெளிர் கட்டியாக வருகிறது. நம்மைப் போன்ற கருத்த தோலுடையவர்களுக்குப் பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் கருப்பாகவே வருவதால் மச்சம் என்றோ மரு என்றோ ஏமாற இடமுண்டு. தோல் மருத்துவர்கள் தினமும் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது என்பது ஆறுதல். ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்திலேயே அரித்துக்கொண்டு போய் மூக்கின் குருத்தெலும்பையும் இமையையும் தின்னும். மூக்கு, கண்ணோரம், காது ஆகியவை திரும்ப வரும் வாய்ப்பு மிகுந்த இடங்கள் என்று தனியாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

சுரண்டிச் சுடுவதே தவறான சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. முதுகிலோ கையிலோ உள்ள சிறிய, ஆபத்துக் குறைந்த பேசல் செல் கட்டிகளுக்கு அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். என்ன கட்டி என்று தெரிந்த பிறகு, பயிற்சி பெற்ற கை செய்தால். முகத்தில், அதுவும் பெயர் தெரியாத கட்டியைச் சுட்டால் மேற்பரப்பு ஆறி வெள்ளைத் தழும்பு விழும், அடியில் மிச்சமிருக்கும் கட்டி தழும்பின் கீழே தனித்தனித் தீவுகளாகக் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான, ஓரம் தெளிவாகத் தெரியும் பேசல் செல் கட்டியைச் சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் நல்ல தோலுடன் சேர்த்து வெட்டினால், ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு முழுமையாக நீங்கிவிடும் என்பது 1987 முதல் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. அம்மாவுக்கு ஓரமே தெரியாமல் போயிருந்ததால் அந்தக் கணக்கு செல்லவில்லை. சேலத்துக்கு அனுப்பப்பட்டு, பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் அகலமாக வெட்டியெடுத்து, ஓரங்களில் கட்டி மிச்சமில்லை என்று அறிக்கை வந்த பிறகே, கன்னத்துத் தோலைத் திருப்பி வைத்து மூடினார்கள். தொடக்கத்திலேயே கண்டிருந்தால் சின்னத் தையலோடு முடிந்திருக்கும்.

இது மெதுவாக வளரும் புற்று என்பதால் தப்பித்தோம். இதே அலட்சியம், மற்ற உறுப்புகளுக்கு எளிதில் பரவக்கூடிய மெலனோமா என்னும் தோல் புற்றில் நடந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தோல் மருத்துவரே விளக்கினார். நம் நாட்டவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. அதைக் கால் ஆணி என்றோ முள் குத்திய கருப்பு என்றோ நினைத்துச் சீவுவதும் சுடுவதும் இங்கே நடக்கிறது. அந்த நோயில் கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் அளந்துதான், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டுவதா இரண்டு சென்டிமீட்டர் வெட்டுவதா, நெறியைச் சோதிப்பதா என்றெல்லாம் முடிவு செய்கிறார்கள். கருகிப்போன சதையில் அந்த ஆழத்தை யாராலும் அளக்க முடியாது. படை என்று ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு களிம்பு பூசப்படும் திட்டுகளுக்குள் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்னும் தோல் நிணநீர்ப் புற்று ஒளிந்திருப்பதும் உண்டு; அதைப் பிடிக்க ஒரே இடத்தில் அல்ல, பல இடங்களில், சில சமயம் மாதங்கள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் துணுக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

அதற்காகக் கழுத்தில் தொங்கும் ஒவ்வொரு பாலுண்ணியையும் பயாப்ஸி என்னும் சதைத் துணுக்குப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று நான் கிளப்பிவிடவில்லை. கன்னத்தில் சிதறியிருக்கும் சின்னக் கருப்பு மருக்களையும், முதுமையில் முதுகில் ஒட்டவைத்தாற்போல் வரும் தடித்த மருக்களையும் தெரிந்த கண் பார்த்த உடனே அடையாளம் காணும். தனியாக ஒன்று மட்டும் வளர்கிறது, பொருக்கு உதிர்ந்து கசிகிறது, ஒரு மாதத்துக்கு மேலும் ஆறவில்லை, எடுத்த இடத்திலேயே மீண்டும் வருகிறது என்றால் கதை வேறு. அப்போது, எடுக்கும் சதையை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவீர்கள், அறிக்கையை எப்போது தருவீர்கள் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் எரிச்சல்படுகிற இடத்தில் உட்காராதீர்கள். உங்களைப் பார்ப்பவரின் பதிவு எண்ணைக் கேட்டுத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்தில் தேடிப் பாருங்கள்; பலகையில் இருக்கும் பெயரை அல்ல, கருவியைப் பிடிக்கப்போகிறவரின் பெயரை.

சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டபோது, "அதெல்லாம் கொடுக்கற வழக்கமில்லைங்க" என்றார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. எழுத்து மூலம், ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் கேட்ட பிறகு, இரசீது நகலும் ஒப்புதல் படிவமும் "மரு" என்று ஒற்றைச் சொல் எழுதிய ஒரு தாளும் வந்தன. கூடவே, புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தந்து, தழும்புக்கு இலவச லேசரும் செய்வதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். புற்று வெட்டிய இடத்தில் இலவச லேசர்! அந்த அழைப்புக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.

கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நோயாளிக்குப் புரியும்படி விளக்காமல் வாங்கும் ஒப்புதல் செல்லாது என்பதை 2008-இல் வந்த இன்னொரு தீர்ப்பு தெளிவாக்கியது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் அங்கேயும், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் மனு கொடுத்திருக்கிறோம்.

அம்மா நலமாக இருக்கிறார். இப்படி ஒரு கட்டி வந்தவருக்கு வேறிடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகத்தையும் காதையும் காட்டிவர வேண்டும். ஏற்கெனவே எங்கேயாவது மருவைச் சுட்டு எடுத்திருந்து, அந்தத் தழும்பில் இப்போது கருமையோ மினுமினுப்போ கசிவோ தெரிந்தால், பழைய இரசீதுடன் காலையில் அரசு மருத்துவமனையின் தோல் நோய் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். முன்பு சுட்டதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். பயாப்ஸிக்கு அனுப்பும் தாளில் அந்த விவரம் எழுதியிருந்தால், நுண்ணோக்கியில் பார்க்கிறவருக்குத் தழும்பையும் கட்டியையும் பிரித்துப் படிப்பது எளிதாகும்.