எஸ்ஜி டெஸ்ட் சிவப்புப் பந்து: ரஞ்சி வேகப்பந்து வீச்சாளரின் கண்கொண்டு ஒரு மதிப்பீடு

மீரட்டைச் சேர்ந்த சான்ஸ்பரெய்ல்ஸ் கிரீன்லேண்ட்ஸ் நிறுவனத்தின் எஸ்ஜி டெஸ்ட் பந்துதான் இந்தியாவில் டெஸ்ட் போட்டிகளிலும் உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையிலும் பயன்படுகிறது. இதன் தரத்தை ஓரிரு வலைப்பயிற்சிகளை வைத்துச் சொல்லிவிட முடியாது. இதே பந்தை ஆண்டுக்கணக்கில் கையில் பிடித்து உள்நாட்டு ஆட்டங்களில் விக்கெட் சாய்த்தவரின் கணக்கைப் பார்ப்பதே நியாயம். அதற்கு சௌராஷ்டிரத்தின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜெய்தேவ் உனத்கட்டைவிடப் பொருத்தமானவர் என் நினைவுக்கு வரவில்லை.

புதுப் பந்தைக் கையில் எடுத்தால் கண் மெருகைப் பார்க்கும் முன்பே விரல் தையலைக் கண்டுகொள்ளும். தடித்த நூலால், நெருக்கமாக, ஆறு வரிசைகளும் கையாலேயே தைக்கப்பட்டிருப்பதால் தையல் நகத்தில் தட்டுமளவுக்கு எழும்பி நிற்கிறது. ஆஸ்திரேலியப் பந்தான கூக்கபுராவில் நடு இரண்டு வரிசைகள் மட்டுமே கைத்தையல். அதனால் அது சீக்கிரம் அமுங்கிவிடும். இங்கிலாந்தில் பயன்படும் டியூக்ஸ் பந்து மெருகை நெடுநேரம் காத்து, காற்றில் வளைந்து ஸ்விங் ஆகிக்கொண்டிருக்கும். எஸ்ஜியில் மெருகு விரைவில் போய்விட்டாலும், எண்பதாவது ஓவரில் அடுத்த புதுப் பந்து வரும்வரை பிடிப்பதற்குத் தையல் இருக்கும். சுழற்பந்து வீச்சாளர்கள் இதை விரும்புவதும் அதனால்தான்.

உனத்கட் அதிவேகக்காரர் அல்லர். 2010இல் லெஸ்டரில் இந்திய 'ஏ' அணிக்காக ஆடிய தன் முதல் முதல்தரப் (பல நாள்) போட்டியிலேயே 13 விக்கெட்டுகள் எடுத்தவர், அதே ஆண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் டெஸ்டில் விக்கெட்டின்றித் திரும்பினார். அடுத்த டெஸ்ட் ஆட, 2022 டிசம்பரில் வங்கதேசத்தின் மிர்பூர் வரை, பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவரை நிலைத்து நிற்க வைத்தது இந்தப் பந்துதான் என்பேன். 2019-20 ரஞ்சிப் பருவத்தில் 67 விக்கெட்டுகள் எடுத்து, ஒரே பருவத்தில் வேகப்பந்து வீச்சாளர் எடுத்த அதிகபட்சம் என்ற கர்நாடகத்தின் தொட்ட கணேஷின் சாதனையை முறியடித்தார். சௌராஷ்டிரம் முதன்முறையாகக் கோப்பையை வென்றதும் அந்தப் பருவத்தில்தான். 2023 ஜனவரியில் ராஜ்கோட்டில் டெல்லிக்கு எதிராக ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே ஹாட்ரிக் எடுத்தார். ரஞ்சி வரலாற்றில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. அந்த இன்னிங்ஸை 39 ரன்களுக்கு 8 விக்கெட் என்று முடித்தார். மட்டையாளர்களின் சொர்க்கம் என்று பெயரெடுத்த ஊரில், மெருகும் தையலும் ஒருசேர இருக்கும் முதல் சில ஓவர்களில் இந்தப் பந்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

குறையும் உண்டு. ஐந்து ஓவர்களிலேயே பந்து தேய்ந்துவிடுகிறது என்று 2018இல் விராட் கோலி வெளிப்படையாகவே குறைகூறினார். எச்சில் தடவக் கூடாது என்ற விதி வந்தபின், வெறும் வியர்வையால் ஒரு பக்கத்தை மினுக்கிக் காப்பது இன்னும் கடினம். மெருகு போனபின், பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையும் ரிவர்ஸ் ஸ்விங் தொடங்கும் முன் உள்ள ஓவர்களில் வேகத்தை மட்டும் நம்புபவர் ரன்களை வாரிக் கொடுப்பார். தையலை நேராக நிறுத்தி ஒரே இடத்தில் குத்தத் தெரிந்தவருக்கு அப்போதும் வாய்ப்பு உண்டு.

புல்தரை ஆடுகளத்தில் இரண்டு நாள், மூன்று நாள் ஆட்டம் ஆடும் கிளப்புகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் அன்றாடப் பயிற்சிக்கு வாங்குவது வீண் செலவு; அங்கே தோல் உரிந்து போகும், அதற்கு இதே நிறுவனத்தின் விலை குறைந்த பந்துகளே போதும்.